அம்புஜம் கேட்ட முழு ஆட்டம்

அன்று அந்தக் களத்தில் இருந்தவர்களின் பெயர்களை முதலில் எழுதிவிடுகிறேன். இல்லாதவர்கள் நிறையப் பேசியாகிவிட்டது.

ஆடியவர்கள் நான்கு பேர். ஒரு பக்கம் என் கடைசித் தங்கை அம்புஜமும், அவளோடு கல்லூரியில் படித்த ஜெபராணியும். ஜெபராணி கோயமுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சர். எதிர்ப்பக்கம் அதே பள்ளியில் பாடம் எடுக்கும் அமலியும் ஜன்னத்தும். ஜன்னத்தின் வீடு உக்கடத்தில். அமலி, எங்கள் பருத்தி ஜின்னிங் பேக்டரியில் பிட்டராக இருக்கும் ஆரோக்கியதாஸின் மகள். அம்பயர் பாலுசாமி மாஸ்டர். பார்த்தவர்கள், அம்புஜத்தின் கணவர் லட்சுமிநாராயணன், அவளுடைய மாமியார் பங்காரம்மா, என் மனைவி வெங்கடம்மாள், ஆரோக்கியதாஸ், நான். ஆகப் பத்துப் பேர். என் பெயர் திருமலைசாமி. குடும்பத்தில் நான்தான் மூத்தவன். பதினோராவது ஆளாக வாட்ச்மேன் பாக்கியசாமி கேட்டருகே இருந்தான். அவனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றாம் வருடம், புரட்டாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. சிங்காநல்லூருக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் பேக்டரியில் பருத்தி காயப்போடும் களம் அந்த மாதங்களில் காலியாகக் கிடக்கும். மண் இறுகிய நல்ல களம். அதில் சுண்ணாம்புக் கோடு போட்டு, இரண்டு மூங்கில் நட்டு, வலை கட்டியிருந்தோம். ஆடியது பூப்பந்து. மஞ்சள் கம்பளி நூலில் செய்த பந்து, நரம்பு கட்டிய மட்டை. முதலில் இருபத்தொன்பது பாயிண்டு எடுப்பவர் ஜெயித்தவர்.

அம்புஜம் கல்லூரியில் மூன்று வருடம் பூப்பந்து ஆடியவள். அந்தக் காலத்தில் எங்கள் உறவில் பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பியதே பேச்சாயிற்று. மட்டையைக் கொடுத்து அனுப்பியது அதைவிடப் பெரிய பேச்சாயிற்று. அனுப்பியவன் நான். அவள் ஆடியதை ஒருநாள் கல்லூரி மைதானத்தில் பார்த்தேன். தோளுக்கு மேலே வந்த பந்தை அவள் கீழே அடித்தபோது, எதிரில் நின்ற பெண் நகரவேயில்லை. பந்து போய் விழுந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை யாரிடமும் நான் சொல்லிக்கொள்ளவில்லை.

வெள்ளகோவிலில் நல்ல குடும்பத்தில் அவளைக் கொடுத்தோம். கல்யாணமாகி மூன்றாவது வருடம், ஐம்பத்துநாலில், பங்குனி உத்திரத்துக்கு வில்வண்டியில் சென்னிமலைக்குப் போனார்கள். வழியில் கடையாணி கழன்று சக்கரம் ஓடிவிட்டது. வண்டி சாய்ந்தது. சறுக்கி விழப்போன மாமியார் பங்காரம்மாவை அம்புஜம் வலது கையால் வளைத்துப் பிடித்தாள். இருவரும் விழுந்தார்கள். அம்புஜம் கீழே, பங்காரம்மா மேலே. பங்காரம்மாவுக்கு ஒரு கீறல் கிடையாது. அம்புஜத்துக்குத் தோளும் இடுப்பும் போயிற்று.

அதற்குப் பிறகு ஏழு வருடம். எண்ணெய், கட்டு, ஊசி, பெல்ட், எல்லாம் பார்த்தோம். வலது கையைத் தூக்கித் தலை வார அவளால் முடியாது. கொடியில் துணி போட முடியாது. அரைமணி நேரம் உட்கார்ந்தால், எழுந்திருக்கச் சுவரைப் பிடிப்பாள். ஒருநாளும் அவள் வாய்விட்டுப் புலம்பி நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் புலம்பமாட்டார்கள்.

பங்காரம்மா அவளைத் தன் கண்ணைப்போலப் பார்த்துக்கொண்டார். அதை நான் மறைக்கமாட்டேன். குனிந்து ஒரு துரும்பை எடுக்கவிடமாட்டார். அம்புஜம் தண்ணீர்ச் செம்பைத் தூக்கினால் ஓடிவந்து வாங்கிவிடுவார். என்னால் வந்த வலி என்று அவருக்கு மனதில் கிடந்தது. ஆனால் அவர்கள் உறவினர் சிலர் வேறுவிதமாகப் பேசினார்கள். காலேஜில் குதித்து ஆடிக் கெடுத்துக்கொண்ட உடம்பு, அண்ணன்காரர் மறைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டார் என்று. அது என் காதுக்கு வந்த நாளிலிருந்து நான் அந்த உறவினர் வீட்டு விசேஷங்களுக்குப் போவதில்லை.

ஐம்பத்தொன்பதில் வைத்தியத்துக்காக அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்தேன். அப்போதுதான் ஜெபராணி பார்க்க வந்தாள். படுக்கையருகே உட்கார்ந்து ஆறுதல் சொல்லும் பெண் இல்லை அவள். வந்ததும் அம்புஜத்தைச் சுவர்ப் பக்கம் நிற்கவைத்து, விரல்களால் சுவரில் ஏறச் சொன்னாள். நடைபழகும் குழந்தையைப்போல விரல் ஒவ்வொன்றாக ஏறியது. நெஞ்சு உயரத்தில் நின்றுவிட்டது. அந்த இடத்தில் ஜெபராணி கரித்துண்டால் ஒரு கோடு போட்டாள். அவளுடைய தம்பி மரத்திலிருந்து விழுந்தபோது மிஷன் ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த முறை அது என்று பிறகு சொன்னாள்.

தினமும் காலையில் சுவர். பிறகு குனிந்து, கையைத் தொங்கவிட்டு, சின்னப் பித்தளைச் செம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு மெல்ல ஆட்டவேண்டும். தண்ணீர் சிந்தக்கூடாது. பிறகு பலகையில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கவேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கரிக்கோடு. சில வாரம் கோடு ஏறாது. இரண்டு தடவை கீழேயே இறங்கியது. அப்படி இறங்கிய அன்றும் அவள் கோடு போடாமல் விட்டதில்லை. எங்கள் வீட்டுச் சுவருக்கு நான் வருடாவருடம் வெள்ளையடிப்பவன். அந்த இரண்டு வருடமும் அந்தச் சுவரை மட்டும் அடிக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளை லட்சுமிநாராயணன் ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ்ஸில் வருவார். எப்போது வருகிறாய் என்று ஒருமுறைகூட அவளைக் கேட்டதில்லை. செருப்பைக் கழற்றியதும் நேராகச் சுவருக்குப் போய்க் கோட்டைப் பார்ப்பார். பிறகுதான் எங்களோடு பேசுவார். அப்படிப்பட்ட மனிதருக்கு என் தங்கையைக் கொடுத்தேன் என்பதில் எனக்கு நிறைவு உண்டு.

அறுபத்தொன்று சித்திரையில் கோடு விளக்கு மாடத்தைத் தாண்டியது. அம்புஜம் பெட்டிக்கடியிலிருந்து பழைய மட்டையை எடுத்து, நரம்பு மாற்றிக் கொண்டுவரச் சொன்னாள். குடோன் சுவரில் பந்தை அடித்துப் பழகினாள். முதலில் இடுப்பு உயரம் மட்டும். பிறகு நெஞ்சு உயரம். ஆவணியில் காது உயரம். மாலையில் பேக்டரிப் பெண்கள் வீட்டுக்குப் போகும் வழியில் நின்று பார்ப்பார்கள். நூறு பந்து அடித்தால் நூற்றையும் எண்ணுவாள். வலி வந்தால் முகத்தில் தெரியாது. உதட்டை மட்டும் உள்ளே மடித்துக்கொள்வாள்.

ஆவணிக் கடைசியில் பங்காரம்மா அவளை அழைத்துப்போக வந்தார். உடம்பு தேறிவிட்டதே, இனி வீட்டுக்கு வந்துவிடு என்றார். அம்புஜம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்.

"வாரேனுங்க அத்தை. ஆனா நான் முழுசா வாரேன். அங்க வந்தா என் கையில இருந்து செம்ப வாங்கிப்போடுவீங்க. ஒரு ஆட்டம், இருபத்தொம்பது வரைக்கும், நல்லா ஆடறவங்களோட ஆடிப்போட்டு வாரேன். நீங்களும் வந்து பாருங்க. பார்த்தப்புறம் வாங்கமாட்டீங்க."

பங்காரம்மா வெகுநேரம் அவள் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சரி என்றார்.

அப்படித்தான் அந்த ஆட்டம் ஏற்பாடாயிற்று. அமலியும் ஜன்னத்தும் அந்த வட்டாரத்தில் பெயர் வாங்கிய ஜோடி. ஜெபராணியே அவர்களைத் தேர்ந்தெடுத்தாள்.

இனி நான் செய்ததைச் சொல்லவேண்டும்.

வெள்ளிக்கிழமை ஆரோக்கியதாஸை ஆபீஸுக்குக் கூப்பிட்டேன். அமலியின் அடி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். எதிராளியின் வலது தோளுக்கு மேலே தூக்கிப் போட்டுத் திணறவைப்பாள். சம்பந்தி வீட்டார் பார்க்கும்போது என் தங்கை திணறக்கூடாது. நடுவில் வலி கண்டு உட்கார்ந்துவிடக்கூடாது. அந்த உறவினர் வாய்க்கு அவல் போடக்கூடாது. இவ்வளவுதான் என் எண்ணம். ஆரோக்கியதாஸிடம், அமலியிடம் சொல்லிவை, அம்புஜத்துக்கு இடுப்புக்கு மேல் பந்து வேண்டாம் என்றேன். அவர் பதினெட்டு வருடமாக எங்களிடம் இருப்பவர். என் சொல்லுக்கு அவர் மறுசொல் சொன்னதில்லை. அன்று மட்டும் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே கொஞ்சம் நின்றார். பிறகு, "சரிங்க முதலாளி" என்று போனார்.

நாலரை மணிக்கு ஆட்டம் தொடங்கியது. நால்வரும் முந்தானையை இடுப்பில் செருகி, கான்வாஸ் ஷூ போட்டிருந்தார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடங்கியிருந்தது. பாலுசாமி மாஸ்டர் ஒரு சிலேட்டில் பாயிண்டு எழுதினார்.

அமலி அடித்த எல்லாப் பந்தும் அம்புஜத்தின் இடுப்புக்கு வந்தது. பூத்தட்டில் வைத்துக் கொடுப்பதுபோல வந்தது. அம்புஜம் அவற்றை இரண்டு பேருக்கும் நடுவில் தட்டினாள். எங்கள் பக்கம் நாலுக்கு ஒன்று. ஏழுக்கு மூன்று. ஜன்னத் மட்டும் அம்புஜத்தின் பக்கமே அடிக்காமல் எல்லாவற்றையும் ஜெபராணிக்கே அனுப்பினாள். அவள் முகம் நன்றாக இல்லை. நான் பங்காரம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் முகம் மலர்ந்திருந்தது. எனக்கு அது போதும் என்று இருந்தது. பதினொன்றுக்கு நாலு. கேட்டருகே பாக்கியசாமி எட்டிப் பார்த்தான், சிரித்தான், டீ குடிக்கப் போகிறேன் என்று எனக்குச் சைகை காட்டிவிட்டுப் போனான்.

அடுத்த பந்தில் ஜெபராணி தவறாகத் தூக்கிவிட்டாள். பந்து வலைக்கு மேலே அமலிக்கு நேராக நின்றது. அம்புஜம் இடது ஓரத்தில் இருந்தாள். அவளுடைய வலப்பக்கம் முழுக்கக் காலி. பள்ளிப் பிள்ளைகூட அதை அடித்து முடித்திருக்கும். அமலி அதைத் தட்டினாள். பந்து மெல்ல வந்து அம்புஜத்தின் இடுப்புக்கு நேரே இறங்கியது.

அம்புஜம் மட்டையை நீட்டவில்லை. இடது கையால் பந்தைப் பிடித்துக்கொண்டு வலைக்கு நடந்துபோனாள்.

"அமலி, வேற யாராச்சும் இங்க நின்னா இந்தப் பந்த எங்க அடிச்சிருப்ப?"

அமலி தலையைக் குனிந்துகொண்டாள். "தோளுக்கு மேலங்க அக்கா."

"ஏன் அடிக்கல?"

அமலி மட்டையைத் தாழ்த்தினாள். தன் அப்பாவைப் பார்த்தாள். ஆரோக்கியதாஸ் என்னைப் பார்த்தார். பிறகு சட்டென்று தரையைப் பார்த்தார். அந்தப் பார்வை போன வழியிலேயே அம்புஜத்தின் கண்ணும் வந்து என்மேல் நின்றது. அவள் களத்தைக் கடந்து என் நாற்காலிக்கு முன்னால் வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அண்ணா, நீங்க சொன்னீங்களா?"

நான் அவளிடம் பொய் சொன்னதில்லை. "சொன்னேன் அம்மணி."

"ஏழு வருசமா எல்லாரும் என் கையில இருந்து செம்பத்தான் வாங்குனாங்க. நீங்க மட்டையவே வாங்கிப்போட்டீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். திரும்பிப் போய்ப் பாலுசாமி மாஸ்டரிடம், எழுதியதை அழித்துவிடுங்கள், முதலிலிருந்து ஆடுகிறோம் என்றாள். மாஸ்டர் திகைத்தார். முப்பது வருடமாக அம்பயர் நிற்கிறேன், எடுத்த பாயிண்டை வேண்டாம் என்று சொன்னவரைப் பார்த்ததில்லை, விதியில் அதற்கு இடமும் இல்லை என்றார். எதிர்ப்பக்கம் சம்மதித்தால் வேறு பேச்சு என்று இழுத்தார்.

ஜன்னத் வலையில் கையை ஊன்றிக்கொண்டு முதன்முறையாகச் சிரித்தாள். "எங்களுக்குச் சம்மதமுங்க மாஸ்டர். ஆனா ஒண்ணு, இனி அக்கா அழுதா நாங்க பொறுப்பில்லீங்க."

"அழறது யாருன்னு பார்க்கலாம் வா," என்றாள் அம்புஜம்.

ஆனாலும் அமலி மட்டையைத் தாழ்த்தியபடியே நின்றாள். அவள் யாருக்காக நிற்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. பேக்டரி ஆளிடம் சொன்ன சொல்லை நாலு பேர் முன்னால் திரும்ப எடுத்துக்கொள்ளும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. என் அப்பாவும் செய்ததில்லை. நான் எழுந்தேன். களத்தின் மறுபக்கம் ஆரோக்கியதாஸ் நின்ற இடத்துக்கு நடந்துபோனேன்.

"நான் சொன்னது தப்பு, ஆரோக்கியதாஸ். பொண்ண அடிக்கச் சொல்லு," என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னேன்.

அவர் கண் கலங்கியது. மகளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் என் நாற்காலிக்குத் திரும்பிப் போகவில்லை. அவர் பக்கத்திலேயே நின்று மீதி ஆட்டத்தைப் பார்த்தேன்.

மாஸ்டர் கட்டைவிரலை நனைத்துச் சிலேட்டைத் துடைத்தார். பதினொன்றும் நாலும் போயிற்று. இரண்டு பக்கமும் பூஜ்யம், லவ் ஆல் என்றார்.

அமலியின் முதல் பந்தே அம்புஜத்தின் வலது தோளில் போய்ப் பட்டது. பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. பங்காரம்மா எழுந்துவிட்டார். வெங்கடம்மாள் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அம்புஜம் தோளை ஒருமுறை சுழற்றினாள். "இதுதான் பந்து," என்று பந்தைப் பொறுக்கி அமலியிடம் எறிந்தாள்.

பிறகு நடந்ததுதான் ஆட்டம். அதுவரை நடந்தது மரியாதை.

முதலில் அவள் பின்தங்கினாள். ஒன்பதுக்கு மூன்று. தோளுக்கு மேலே பந்து வர வர, அவள் இரண்டு எட்டுப் பின்னால் போய், பந்தை நெஞ்சு உயரத்துக்கு இறங்கவிட்டு எடுத்தாள். அதற்குக் கால் வேண்டும், இடுப்பு வேண்டும். அந்த இடுப்பு பலகையில் படுத்து இரண்டு வருடம் சம்பாதித்த இடுப்பு. பன்னிரண்டுக்கு எட்டு ஆயிற்று. ஜெபராணி முன்னால் நின்று வலையைக் காத்தாள். அம்புஜத்துக்கு வந்த பந்து எதையும் அவள் குறுக்கே புகுந்து எடுக்கவில்லை. நல்ல ஜோடி என்றால் அதுதான். பதினெட்டுக்குப் பதினாறு. ஜன்னத் கோட்டருகே ஒன்றைத் தவறவிட்டபோது, "இப்ப யாரு அழறாங்க?" என்று அம்புஜம் கேட்டாள். ஜன்னத் மூச்சு வாங்கிக்கொண்டே, "வேர்வைங்க அக்கா, வேர்வை," என்றாள். மாஸ்டரே சிரித்துவிட்டார்.

இருபத்தொன்றில் அம்புஜம் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டதைப் பார்த்தேன். மாப்பிள்ளையும் பார்த்தார். அவர் முழங்காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு இடத்தைவிட்டு அசையாமல் இருந்தார். நிறுத்து என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லாமலிருக்க அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

இருபத்தெட்டுக்கு இருபத்தைந்து. எதிர்ப்பக்கத்துக்கு இன்னும் ஒரு பாயிண்டு போதும். அமலி உயரத் தூக்கினாள். அம்புஜத்தின் வலது தோளுக்கு நேர் மேலே, வெயிலில் மஞ்சளாக, பந்து நின்று இறங்கியது. பின்னால் போக இடமில்லை, கோடு வந்துவிட்டது. அவள் கை மேலே போயிற்று. காதைத் தாண்டியது. சுவரில் எந்தக் கரிக்கோடும் எட்டாத உயரத்துக்குப் போயிற்று. அடித்தாள். பந்து அமலிக்கும் ஜன்னத்துக்கும் நடுவில் மண்ணில் அறைந்து எழுந்தது. இருவரும் நகரவில்லை. விழுந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார்கள்.

இருபத்தாறு என்று எழுத மாஸ்டருக்குக் கொஞ்ச நேரமாயிற்று. அம்புஜம் தன் வலது கையையே, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த பந்தை ஜன்னத் வலையை ஒட்டி மெல்லப் போட்டாள். அம்புஜம் பாய்ந்து குனிந்தாள். மட்டையின் விளிம்பு பந்தைத் தொட்டது. பந்து வலையைத் தாண்டவில்லை. ஆட்டம் முடிந்தது.

நால்வரும் வலையருகே கைகொடுத்துக்கொண்டார்கள். அமலி அம்புஜத்தின் தோளைத் தொட்டுப் பார்த்து, வலிக்குதுங்களா என்று கேட்டாள். வலிக்கிறது, நாளைக்கு இன்னும் வலிக்கும், நாளன்றைக்குச் சரியாகிவிடும் என்றாள் அம்புஜம். பிறகு ஓரத்தில் வைத்திருந்த குடத்தை இரண்டு கையாலும் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்காகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தாள். ஆரோக்கியதாஸுக்கு ஊற்றினாள். எனக்கு ஊற்றினாள், என் முகத்தைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தாள். அதுவே எனக்கு மன்னிப்பு. பங்காரம்மாவின் முன்னால் வந்தபோது அவர் கை வழக்கம்போலக் குடத்தை நோக்கி நீண்டது. பாதியில் நின்றது. நாற்காலிக்கடியில் இருந்த தம்ளரை எடுத்து நீட்டினார்.

"எனக்கும் ஊத்து கண்ணு," என்றார்.

மூன்றாம் நாள் அம்புஜம் கணவரோடும் மாமியாரோடும் வெள்ளகோவில் பஸ் ஏறினாள். பெட்டியை அவளே தூக்கினாள். மட்டை மடியில் இருந்தது. அந்தச் சுவருக்கு நான் இன்றுவரை வெள்ளையடிக்கவில்லை.

இப்போது பாக்கியசாமி. அவன் நல்லவன். பார்த்ததை டீக்கடையில் சொன்னான். பதினொன்றுக்கு நாலு வரைதான் அவன் பார்த்தது. அங்கிருந்து அது வளர்ந்து வெள்ளகோவில் வரை போயிருக்கிறது. முதலாளி தங்கை என்பதால் பிட்டர் மகள் விட்டுக்கொடுத்தாள், அப்படித்தான் அம்புஜம் அன்றைக்கு ஜெயித்தாள் என்று கல்யாண வீடுகளில் பேசுகிறார்கள்.

அம்புஜம் அன்று ஜெயிக்கவில்லை. இருபத்தொன்பதுக்கு இருபத்தாறு. தோற்றாள்.